என் வீட்டுக்காரருக்குக் கிடைத்த மன்னிப்பு

கல்லறைத் திருநாளுக்கு எங்கள் ஊரில் அவரவர் வீட்டுக் கல்லறையில்தான் மெழுகுதிரி வைப்பார்கள். ஒரு அக்கா மட்டும் இரண்டு கல்லறையில் வைப்பார். ஒன்று தன் மகளுக்கு. இன்னொன்று என் வீட்டுக்காரருக்கு.

மகளைச் சாகடித்தவனை மன்னித்த தாய் என்று அவருக்குப் பெயர். சாகடித்தவன் என்றால் என் வீட்டுக்காரர்.

நாங்கள் சுருளிப்பட்டிப் பக்கம். வீட்டுக்காரர் ஜீப் ஓட்டினார். காலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக மலைக்கு மேலே போவார். சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவார். கூட ஒரு தம்பியும் போவார். கூடப்பிறந்த தம்பி இல்லை. சின்னதிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். ஆள் சேர்த்துவிடுவது அவர் வேலை. என் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது பிள்ளையைக் கையில் ஏந்தி நின்றவர் அவர்தான். ஞானத் தகப்பன். அண்ணி முறை என்று என்னை மதினி என்பார்.

அன்றைக்கு மேலே நல்ல மழை. ஆட்கள் மத்தியானமே வேறு ஜீப்பில் இறங்கிவிட்டார்கள். அக்காவின் மகள் தோட்டத்தில் காய் எடை போடுகிற இடத்தில் இருந்தாள். எடை முடியவில்லை. ஒத்தைப் பிள்ளையை விட்டுவிட்டு வரக்கூடாது என்று எங்கள் ஜீப் நின்றது. கடைசியில் மூன்று பேர் இறங்கினார்கள். என் வீட்டுக்காரர், அந்தத் தம்பி, அந்தப் பிள்ளை. ஒரு வளைவில் வண்டி பள்ளத்தில் போய்விட்டது. வீட்டுக்காரரும் அந்தப் பிள்ளையும் அங்கேயே முடிந்துவிட்டார்கள். தம்பி வெளியே தெறித்து விழுந்தார். தோள் எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் தம்பியைப் போலீஸ் கேட்டது. "அண்ணன்தான் ஓட்டினாரு. வேகமா எடுத்தாரு. மெதுவாப் போங்கன்னு சொல்லிப் பாத்தேன், கேக்கல" என்று சொன்னார். வேறு பார்த்தவர்கள் இல்லை. போலீஸ் அதையே எழுதிக்கொண்டது. ஊரும் அதையே பேசியது.

நானும் நம்பினேன். வேகமாக ஓட்டுகிற மனுசர் இல்லை அவர். இருந்தாலும் கூட இருந்தவரே சொல்லும்போது நான் என்னத்தைச் சொல்ல.

முதல் வருஷம் அக்கா என் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. குழாயடியில் நான் நின்றால் பாதிக் குடத்தோடு போய்விடுவார். அதில் தப்பு சொல்ல முடியாது. ஒரே பிள்ளை.

அந்த வருஷக் கல்லறைத் திருநாளில் பங்குச் சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வந்தார். எங்கள் கல்லறைக்கு வந்தபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா வந்தார். கையில் மெழுகுதிரி. குனிந்து நட்டார். தீக்குச்சி அணைந்து அணைந்து போனது. பற்றவைத்துவிட்டு, "போப்பா. உன்னைய மன்னிச்சுட்டேன். நிம்மதியாப் படு" என்றார். எல்லாருக்கும் கேட்டது. பொம்பளைகள் அழுதார்கள். நான் அக்கா காலில் விழுந்தேன்.

அதற்குப் பிறகு அவர் புகழ் எங்கேயோ போய்விட்டது. சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். பக்கத்துப் பங்குக் கோவில்களில் இருந்து ஆட்கள் வந்து அவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் அவருக்கு முட்டியில் தைலம் தேய்த்துவிடுவேன். ரேஷன் வாங்கிக்கொடுப்பேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. தலை நிமிர முடியவில்லை, அதனால் கையாவது ஏதாவது செய்துகொண்டிருந்தது.

என் மகளுக்குக் கல்யாணம் வந்தது. தகப்பன் இடத்தில் இருந்து கைபிடித்துக் கோவிலுக்குள் கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டும். ஞானத் தகப்பன் இருக்கும்போது வேறு யாரைத் தேட. அல்லிநகரத்தில் கடை ஏறி நான்தான் அவருக்குப் பட்டு வேட்டி சட்டை எடுத்தேன். பீடத்துக்கு முன்னால் மகள் கையை மாப்பிள்ளை கையில் வைக்கும்போது அவர் விம்மி அழுதார். பெத்த தகப்பன் கூட இப்படி அழமாட்டான் என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மகள் இப்போது பழனிசெட்டிபட்டியில் இருக்கிறாள்.

போன தவக்காலத்தில், ஈஸ்டருக்கு முன்னால், அன்பியக் கூட்டம் என் வீட்டுக்கு வந்தது. எங்கள் தெரு வீடுகள் சேர்ந்தது ஒரு அன்பியம். வாரம் ஒரு வீட்டில் ஜெபம். அந்தத் தவக்காலம் முழுக்க மன்னித்த புனிதர்கள் கதை வாசிக்க வேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். சிஸ்டர் தஞ்சாவூர்ப் பக்கம். பேச்சு கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும்.

அன்றைக்கு வாசித்தது ஒரு இத்தாலி நாட்டுப் பிள்ளையின் கதை. பேர் என் வாயில் நுழையாது. பன்னிரண்டு வயது நிறையவில்லை. தப்பாகத் தொட வந்தவனுக்கு இணங்கவில்லை. குத்திவிட்டான். சாகக் கிடக்கும்போது அவனை மன்னித்தேன், மோட்சத்தில் அவனும் என்னோடு இருக்க வேண்டும் என்றாளாம். அவன் ரொம்ப வருஷம் ஜெயிலில் இருந்துவிட்டு வெளியே வந்தான். நேராக அவள் அம்மாவிடம் போய் மண்டியிட்டான். அம்மாவும் மன்னித்தார். மறுநாள் பூசையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நற்கருணை வாங்கினார்கள்.

"நானா இருந்தா உலக்கையத்தான் எடுத்திருப்பேன்" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"நீ எங்க எடுத்த? உன் மாமியாதான எடுத்தாக" என்றது ஒரு குரல்.

எல்லாரும் சிரித்தார்கள். சிஸ்டரும் சிரித்தார். பிறகு, "சிரிக்காதீங்க. அந்தத் தாய் மாதிரி ஒரு தாய் நம்ம அன்பியத்துலயே இருக்காங்க" என்றார்.

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள். அது பழகிப்போன பார்வை.

"நான் என்னத்தச் செஞ்சேன் சிஸ்டர். ஆண்டவர் செய்ய வச்சாரு" என்றார் அக்கா.

வாசல் பக்கம் ஆம்பளைகளோடு இருந்த தம்பி எழுந்து போனார். கொடுத்த சுக்குக் காப்பி அப்படியே இருந்தது.

மறுநாள் மத்தியானம் நான் திராட்சைப் பந்தலில் பழம் வெட்டிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். தம்பி குனிந்து பந்தலுக்குள் வந்தார்.

"மதினி, ஒரு விசயம்."

"சொல்லுங்க தம்பி."

"அன்னைக்கு வண்டிய நாந்தான் ஓட்டுனேன்."

கையில் இருந்த குலையை வெட்டி டிரேயில் வைத்தேன். அடுத்த குலையையும் வெட்டினேன். அப்புறம்தான் அவர் சொன்னது உள்ளே போனது.

"அண்ணனுக்குக் காய்ச்சல். கண்ணு சொருகுதுடான்னாரு. நான் எடுக்கேன், நீங்க படுங்கன்னேன். எனக்கு லைசன்ஸ் இல்லன்னு அவருக்குத் தெரியும். கொஞ்சத் தூரந்தானன்னு குடுத்தாரு."

"வேகமாப் போனீகளா?"

"போனேன்."

"அவுக ஒண்ணும் சொல்லலையா?"

"மெதுவாப் போடான்னாரு."

போலீசில் இவர் சொன்ன சொல் அது. சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை என்றது. என் வீட்டுக்காரர் வாயில் இருந்ததை எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டார். தன் தப்பை எடுத்து அவர் தலையில் வைத்துவிட்டார்.

"ஏன் அப்பிடிச் சொன்னீக?"

"செத்தவரைப் போலீசு என்ன செய்யப்போகுது மதினி? எனக்குப் பிள்ளை குட்டி இருக்குல்ல."

"எனக்கும் இருந்துச்சு."

அவர் ஈர மண்ணில் மண்டி போட்டார். "சிஸ்டர் வாசிச்சாகல்ல, அந்த ஆளு மண்டி போட்டு மன்னிப்புக் கேட்டான்னு. நானும் கேக்கேன். மன்னிச்சிருங்க."

"எந்திரிங்க. ஆள் வரும்."

"சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். ஆண்டவர் மன்னிச்சுட்டாரு. நீங்க மட்டுந்தான் பாக்கி."

"நான் மட்டுமா? அக்கா?"

"அவுகதான் எப்பவோ மன்னிச்சுட்டாகளே."

"யாரை?"

மண்ணைப் பார்த்துக்கொண்டே, "இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும் மதினி" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. பட்டு வேட்டி ஞாபகம் வந்தது. கரை இன்னும் கொஞ்சம் அகலமாக இருந்தால் நல்லா இருக்கும் என்று கடைக்காரரை மறுபடி மறுபடி எடுக்க வைத்தேன். மகள் கையைப் பிடித்த கையைப் பார்த்தேன். மண்ணில் ஊன்றியிருந்தது.

"அக்காகிட்டப் போயிச் சொல்லுங்க. அவுககிட்டச் சொல்லிட்டு எங்கிட்ட வாங்க. அப்பப் பாப்போம்."

"சொல்லுறேன். கொஞ்சம் டயம் குடுங்க."

"கல்லறைத் திருநாளைக்குள்ள சொல்லுங்க. இன்னொரு மெழுகுதிரி உங்க அண்ணன் கல்லறையில எரியக் கூடாது."

சரி என்றார். போய்விட்டார். நான் சாயங்காலம் வரை பழம் வெட்டினேன்.

மகளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அவரே சொன்னால்தான் அது நிற்கும். நான் சொன்னால் பொண்டாட்டி புருஷனுக்குப் பேசுகிறாள் என்பார்கள்.

தவக்காலம் முடிகிறவரை கூட்டத்துக்குப் போனேன். மற்றக் கதைகளையும் கேட்டேன். அண்ணனைக் கொன்றவனை ஒரு பெரிய வெள்ளிக்கிழமை சந்தில் மடக்கிப் பிடித்த ஒரு வீரர். அவன் தப்ப வழியில்லாமல் சிலுவை மாதிரி கையை விரித்தான். இவர் வாளைக் கீழே போட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நெற்றியில் முள் காயம் உள்ள ஒரு புனிதை. புருஷனைக் கொன்றவர்களை மன்னித்தார். பிள்ளைகள் பழி வாங்கப் புறப்பட்டபோது தடுத்து ஜெபம் செய்தார். எல்லாம் நல்ல கதைகள். எனக்கு ஒன்றுதான் தோன்றியது. அவர்கள் எல்லாரும் சரியான ஆளை மன்னித்திருக்கிறார்கள்.

ஒரு நாள் கோவில் கூட்டிக்கொண்டிருந்தேன். சிஸ்டர் தனியாக இருந்தார். கேட்டேன்.

"சிஸ்டர், அந்த இத்தாலிப் பிள்ளையைக் குத்துனவன், செஞ்சது நாந்தான்னு ஊரறியச் சொன்னானா?"

"சொன்னான்மா. ரொம்ப நாள் அவன் மனசு மாறல. மாறின பிறகு வெளிப்படையாச் சொன்னான். அவளைப் புனிதையாக்க விசாரிச்சப்ப அவனே வந்து சாட்சி சொன்னான்."

எனக்கு மூச்சு லேசானது. சிஸ்டர் அதோடு நிறுத்தவில்லை.

"ஆனா ஒண்ணு பாருங்க. அவன் ஒத்துக்கட்டும்னு அந்தப் பிள்ளை காத்திருக்கல. முன்னாடியே மன்னிச்சிருச்சு. அதனாலதான் புனிதை."

விளக்குமாறைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "யாரையாவது மன்னிக்க முடியலையாம்மா?" என்று கேட்டார். "இல்ல சிஸ்டர், சும்மாதான்" என்றேன்.

அது ரொம்ப நாள் என்னைப் படுத்தியது. அந்தப் பிள்ளை காத்திருக்கவில்லை. நான் ஏன் காத்திருக்கிறேன்? யோசித்துப் பார்த்தேன். அவள் தன் காயத்தை மன்னித்தாள். அது அவளுடையது. அவள் மன்னித்துவிட்டுப் போனதால் அவள் அம்மாவுக்கும் வழி இருந்தது. என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அவருக்காக நான் மன்னிக்க முடியாது. என் பங்கு என்று கொஞ்சம் இருக்கும். பந்தலில் தம்பி மண்டி போட்டதை நினைத்து நினைத்து அதையாவது கொடுத்துவிட முயற்சி செய்தேன். சில நாள் காலையில் கொடுத்த மாதிரி இருக்கும். அவர் தெருவில் எதிரே வந்து "என்ன மதினி, சாப்பிட்டாச்சா?" என்று பழையபடி கேட்பார். போய்விடும்.

ஆடி போனது. புரட்டாசி போனது. கேட்கும்போதெல்லாம் "இந்த வாரம் சொல்லிடுறேன்" என்பார். பிறகு என்னைக் கண்டால் வேறு சந்தில் திரும்ப ஆரம்பித்தார்.

கல்லறைத் திருநாள் வந்தது. முந்தின நாளே கல்லறைக்கு வெள்ளையடித்து வைத்திருந்தேன். செவ்வந்தி வைத்தேன். ஊரே அங்கே இருந்தது. நாலு கல்லறை தள்ளித் தம்பி தன் அப்பா கல்லறையில் பூ போட்டுக்கொண்டிருந்தார். அக்கா கையில் இரண்டு மெழுகுதிரி. நேராக இங்கே வந்தார். தம்பி அவரிடம் சொல்லவில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

நான் கல்லறைக்கு முன்னால் வந்து நின்றேன்.

"இங்கன வேண்டாம்க்கா."

"ஏன், காத்தடிக்குதா?"

"அவுக ஓட்டலக்கா."

"எதை?"

"வண்டிய. அன்னைக்கு அவுக ஓட்டல."

அக்காவுக்கு நான் சொன்னது விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. வண்டியில் இருந்தது மூன்று பேர். அதில் இரண்டு பேர் இங்கே மண்ணுக்குள் இருக்கிறார்கள். அக்கா மகளுக்கு ஓட்டத் தெரியாது.

"யாரு சொன்னா?"

"ஓட்டுனவரே சொன்னாரு."

அக்கா திரும்பினார். "ஏலே, இங்கன வா" என்றார். சத்தம் போடவில்லை. தம்பி வந்தார். சுற்றி இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"இவ சொல்லுறது மெய்யா?"

தம்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. பிறகு அக்காவைப் பார்த்தார்.

"மதினிக்கு மனசு சரியில்லக்கா. இந்த நாள் வந்தா அண்ணன் நினைப்பு வந்துருது. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீக."

என் தோளைத் தொட்டார். ஆறுதல் சொல்கிற மாதிரி. பக்கத்தில் ஒருத்தி "பாவம்" என்றாள்.

நான் அவர் கையை எடுத்துவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன். பந்தலில் மண்டி போட்டீர்களே என்று கேட்டிருக்கலாம். மெதுவாகப் போடா என்றது யார் என்று கேட்டிருக்கலாம். நாக்கு எழும்பவில்லை. முதல் தடவை பயத்தில் சொன்னார் என்று எனக்கு நானே சமாதானம் செய்துவைத்திருந்தேன். இந்தத் தடவை அவர் முகத்தில் பயமே இல்லை.

அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு அக்கா என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"எம்புட்டுக் கஷ்டப்பட்டு மன்னிச்சேன் தெரியுமாடி உனக்கு? சோறு எறங்காம, தூக்கம் இல்லாம, ஆண்டவரைத் திட்டி, அப்பறம் மன்னிச்சேன். இப்ப வந்து வேற ஆளக் காட்டுற. மறுபடியும் மொதல்ல இருந்து மன்னிக்க எங்கிட்டத் தெம்பு இல்ல."

நம்பினாரா நம்பவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியவில்லை. இரண்டு மெழுகுதிரியையும் மகள் கல்லறையிலேயே பற்றவைத்தார். சாமியார் வந்தார். அங்கே நடந்த பேச்சு தெரியாமல் எல்லார் மேலும் தீர்த்தம் தெளித்துவிட்டு அடுத்த கல்லறைக்குப் போனார்.

ஊர் இரண்டு நாள் பேசியது. "மன்னிச்ச மகராசியைப் போயி நோகடிச்சுட்டா." "செத்தவனைப் புனிதராக்கப் பாக்குறா." குழாயடியில் எதிர்வீட்டுக்காரி நான் வந்ததும், "வழி விடுங்கடி, புனிதர் வீட்டம்மா வர்றாக" என்றாள். நான் குடத்தை வைத்து நிறைத்துக்கொண்டு வந்தேன். முழுக் குடம்.

மகளுக்கு யாரோ போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள். "இப்ப எதுக்கும்மா இதெல்லாம்?" என்றாள். பிறகு, "மெய்யாவாம்மா?" என்றாள். "ஆமா" என்றேன். அடுத்த வாரம் பேசும்போது, கல்யாணப் போட்டோவைச் சுவரில் இருந்து கழற்றிவிட்டேன் என்றாள். என் பேச்சை நம்பின ஒரே ஆள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறேன். விடவில்லை. அக்காவுக்குத் தரையில் உட்கார முடியாது. இப்போது தம்பிதான் நாற்காலி கொண்டுவந்து போடுகிறார். அக்கா வேண்டாம் என்பதில்லை. நன்றி என்பதும் இல்லை. உட்கார்ந்துகொள்கிறார். நான் இரண்டு வரிசை பின்னால் இருக்கிறேன். என்னோடு பேசுவதில்லை.

பூசையில் எல்லாரும் சேர்ந்து ஆண்டவர் கற்பித்த ஜெபம் சொல்வோம். அதில் நமக்குத் தீங்கு செய்தவர்களை மன்னிப்பது பற்றி ஒரு வரி வரும். என்னால் அதைச் சொல்ல முடிவதில்லை. அந்த வரி வந்ததும் வாயை மூடிக்கொள்வேன். அடுத்த வரியில் சேர்ந்துகொள்வேன்.

அக்காவுக்குக் கணீரென்ற குரல். பொம்பளைகள் பக்கம் முழுக்க அவர் குரலைப் பிடித்துக்கொண்டுதான் ஜெபம் போகும். கல்லறைத் திருநாளுக்குப் பிந்தின ஞாயிற்றுக்கிழமை அந்த வரி வந்தது. அவர் குரல் கேட்கவில்லை. இருமல் வந்திருக்கும் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறும் கேட்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. பொம்பளைகள் பக்கம் அந்த ஒரு வரி மட்டும் தடுமாறி, முனகலாகப் போகிறது.

ஆம்பளைகள் பக்கம் இருந்து தம்பி சொல்வது தெளிவாகக் கேட்கிறது. ஒரு சொல் விடாமல் சொல்கிறார்.